மேற்குப் பார்த்த வாசலுக்கு எந்தக் கொடி?

எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. பாளையங்கோட்டையில் மேற்குப் பார்த்த வீடு என்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசி பிறந்துவிட்டால் மதியம் மூன்று மணிக்கு வெயில் நடையில் ஏறி உட்கார்ந்துவிடும். விளக்கு வைக்கிற நேரம்வரை எழுந்து போகாது. ராத்திரி பத்து மணிக்கு முன்சுவரில் கை வைத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருக்கும். இது பங்குனி, சித்திரை, வைகாசிக் கதை. ஆனி பிறந்தால் வேறு கதை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலை தாண்டி வருகிற காற்றும் அதே மேற்கு வாசலைத்தான் தேடி வரும். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சாரலோடு வருகிற அந்தக் காற்று, எங்களிடம் வந்து சேரும்போது சாரலை அங்கேயே இறக்கிவிட்டுப் புழுதியை மட்டும் சுமந்து வரும்.

அதனால் வாசலில் பந்தல் போட்டுக் கொடி ஏற்றுவது என்று முடிவாயிற்று. நாலு இரும்புக் குழாய் நட்டு, மேலேயும் மேற்குப் பக்கமும் கம்பி வலை அடித்து, பட்டறைக்காரர் இரண்டே நாளில் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். என்ன கொடி என்பதில்தான் எட்டு மாதம் போனது.

காரணம் தும்மல். காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல் போட்டால்தான் என் மனைவிக்கு நாள் தொடங்கும். மூக்கு ஒழுகும், கண்ணின் உள்மூலை அரிக்கும், வருடத்தில் இரண்டு மூன்று தடவை இழுப்பு வரைக்கும் போகும். “வாசல்ல பூக்கொடி வெச்சா அந்த மகரந்தம் பூரா வீட்டுக்குள்ளதானங்க வரும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் ஒவ்வொரு கொடியாக விசாரிக்க ஆரம்பித்தேன்.

நர்சரி அண்ணாச்சி காட்டியவை நான்கு. காகிதப்பூ, கொடிரோஸ், ரங்கூன் மல்லி, அப்புறம் இப்போது மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் மேலிருந்து தொங்கவிடுகிற கர்ட்டன் கிரீப்பர். ஐந்தாவதாக அலமண்டாவையும் எடுத்து வந்தார். மஞ்சள் பூ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு இலையைக் கிள்ளியதும் பால் வடிந்தது. அந்தப் பால் பட்டால் சிலருக்குத் தோல் எரியும், தின்றால் வயிற்றால் போகும். எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை இருக்கிறாள். எதையும் கிள்ளாமல் கடந்து போகத் தெரியாது. அலமண்டாவை அங்கேயே விட்டுவிட்டேன்.

அம்மாவின் கட்சி தனி. “பூவ வெச்சு என்னய்யா செய்யப் போற? பீர்க்கங்கொடி ஏத்து, காயாவது கெடைக்கும்.” மறுக்க முடியாத வாதம்தான். ஆனால் பீர்க்கை சில மாதத்தில் காய்த்து ஓய்ந்துவிடும். ஓய்ந்த கொடி சருகாகி நிற்கிற நேரத்தில் வெயில் வந்து நிற்கும். பின்பக்கம் கிணற்றடியில் அம்மாவுக்கு ஒரு பீர்க்கம்பந்தல் போட்டுக் கொடுத்து சமாதானம் செய்தாயிற்று.

சரி, மகரந்தத்துக்கு வருவோம்.

பூக்கிற செடிகளில் இரண்டு வகை உண்டு. மகரந்தத்தைக் காற்றிடம் ஒப்படைக்கிற செடி, பூச்சியிடம் ஒப்படைக்கிற செடி. காற்றிடம் கொடுக்கிறது கண்ணை மூடிக்கொண்டு விதைக்கிற மாதிரி. எங்கே போய் விழும் என்று தெரியாது, அதனால் ஏராளமாகச் செய்து கொட்ட வேண்டும். தூள் லேசாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். பெரும்பாலும் 20 முதல் 40 மைக்ரான் அளவு. நம் தலைமுடியின் தடிமனில் பாதி அல்லது அதற்கும் குறைவு. இந்த வகைப் பூவுக்கு நிறமோ மணமோ தேவையில்லை. யாரை அழைக்க? அருகம்புல் பூப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? முள்ளுக்கீரை, சவுக்கு, ஆமணக்கு எல்லாம் இந்தக் கூட்டம்தான். தென்னை கொஞ்சம் காற்றையும் கொஞ்சம் பூச்சியையும் நம்பும்.

பூச்சியை நம்புகிற செடி வேறு மாதிரி. பளிச்சென்று நிறம் காட்டும், மணம் விடும், தேன் வைக்கும். அதன் மகரந்தத்தின் மேல் எண்ணெய்ப் பசை போல ஒரு பூச்சு இருக்கும். தேனீயின் காலில் ஒட்ட வேண்டும் அல்லவா? அந்தப் பிசுக்கினாலேயே அது காற்றில் எளிதில் ஏறாது. பூவிலிருந்து உதிர்ந்தாலும் காலடியிலேயே விழும். ஆக, ஒரு பூ நம் கண்ணைக் கவரும் அளவுக்குப் பகட்டாக இருக்கிறது என்றாலே, அதன் மகரந்தம் நம் மூக்கைத் தேடி வருகிற வாய்ப்பு குறைவு. பகட்டான பூ பழி சுமக்கும். பக்கத்தில் பூத்ததே தெரியாமல் நிற்கிற புல் வேலையைக் காட்டிவிட்டுப் போகும்.

இந்தப் பழி இன்று நேற்று வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் கோடைத் தொடக்கத்தில் வருகிற தும்மலுக்கு ரோஜாக் காய்ச்சல் என்றே பெயர் வைத்திருந்தார்கள். ரோஜா பூக்கிற அதே வாரங்களில்தான் அங்கே புல்லும் பூக்கும் என்பதை யாரும் கவனிக்கவில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்று ஒரு டாக்டர். அவருக்கே இந்தத் தொல்லை. தோலைக் கீறிப் புல் மகரந்தத்தை வைத்துப் பார்த்தார், தடித்தது. பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டி மேலே ஏற்றி, உயரத்தில் என்ன மகரந்தம் மிதக்கிறது என்று எண்ணினார். 1873இல் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதினார். நாற்பது வயது தாண்டிய டாக்டர் பட்டம் விட்டுக்கொண்டு நின்றதை அக்கம்பக்கத்தார் என்ன நினைத்திருப்பார்களோ!

பட்டம் விடவில்லையே தவிர நாங்களும் ஒரு கணக்கு எடுத்தோம். மூக்கு டாக்டர் சொன்ன யோசனை அது. சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில், தும்மல் அதிகமான நாள்களில் மனைவி பால்பாயிண்ட் பேனாவால் ‘து’ என்று எழுதி வந்தாள். இழுப்பு வந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம். பால் கணக்கும் கேஸ் வந்த தேதியும் அதே கட்டங்களில் இருப்பதால் படிக்கக் கொஞ்சம் சிரமம்தான். ஆனால் வருடம் முடிந்து பன்னிரண்டு தாளையும் தரையில் பரப்பிப் பார்த்தபோது ‘து’க்கள் அங்கங்கே கும்பலாகக் கிடந்தன. கார்த்திகை, மார்கழியில் ஒரு கும்பல். ஆனி, ஆடியில் ஒரு கும்பல். அப்புறம் மழை நின்று மூன்று நான்கு வாரம் கழித்து, பக்கத்துக் காலி மனையில் களை பூத்த நாள்களில் ஒரு கும்பல். எதிர்வீட்டுக் காகிதப்பூ மாசி முழுக்கச் சிவந்து நின்றதே, அந்தத் தாளில் மூன்றே மூன்று ‘து’.

அதற்கு முந்தைய அனுபவமும் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாமிரபரணி வடிந்த பிறகும் எங்கள் சுவர் வடியவில்லை. பீரோவின் பின்பக்கம் கறுப்புப் பூசணம் படர்ந்து, தலையணையெல்லாம் ஒரு வாடை. மனைவிக்கு வாழ்நாளிலேயே மோசமான தும்மல் அந்த மாதம்தான். அப்போது தெருவில் ஒரு பூக்கூடக் கிடையாது. பூசண வித்துகளும் மகரந்தம் போலவே காற்றில் ஏறுகிறவை.

பிறகு தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கிற சோதனையும் செய்தோம். முழங்கைக்குக் கீழே வரிசையாக எண் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, ஒரு சின்னக் குத்து. கால் மணி நேரத்தில் வீட்டுத் தூசிப்பூச்சிச் சொட்டு கொசு கடித்த மாதிரிப் பெரிதாகத் தடித்தது. அடுத்த பெரிய தடிப்பு பார்த்தீனியம் என்ற களைக்கு. புல்லுக்குச் சின்னதாக ஒன்று. சீமைக்கருவேலத்துக்கும் தடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இந்த நாட்டில் அதுவும் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ள மகரந்தம்தான். ஆனால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆளுக்கு ஆள் மாறுகிற சங்கதி இது. ஒருவர் கையில் தடித்ததை வைத்து இன்னொருவருக்குக் கொடி தேர்ந்தெடுக்க முடியாது.

இந்தச் சோதனைத் தாளோடுதான் நான்கு கொடிகளையும் மறுபடி பார்த்தேன்.

முதலில் கர்ட்டன் கிரீப்பர், ஏனென்றால் அதற்குத்தான் வீட்டில் ஆதரவு அதிகம். மச்சான் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து இரண்டு மாடி உயரத்துக்குப் பச்சைத் திரை மாதிரித் தொங்கவிட்டிருக்கிறான். “அத்தான், ஒரு வருசத்துல மூடிரும். வெயிலே தெரியாது” என்றான். பொய்யில்லை. பர்மா, தாய்லாந்துப் பக்கத்திலிருந்து வந்த கொடி. பற்றுக்கம்பி கிடையாது, ஏறுவதைவிடத் தொங்குவதில்தான் அதற்கு விருப்பம். முள் இல்லை, பால் இல்லை, எப்போதும் பச்சை. பூவும் பெரிதாகக் கண்ணில் படாது; வெளிறிய ரோஸ் நிறத்தில் சின்னச் சின்னக் குஞ்சமாக ஒரு பருவம் பூத்துவிட்டுப் போகும்.

அந்தக் குஞ்சத்தில்தான் விஷயம் இருக்கிறது. அது ஒற்றைப் பூ அல்ல, பல பூக்கள் சேர்ந்த கொத்து. சூரியகாந்திக் குடும்பத்தின் அடையாளம் அது. கேந்தி, செவ்வந்தி எல்லாம் அந்தக் குடும்பம்தான். அதே குடும்பத்தின் தறுதலைப் பிள்ளை பார்த்தீனியம். 1950களில் பூனாவில் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவி, இப்போது எங்கள் பக்கத்து மனையில் கேரட் இலையோடு இடுப்பு உயரம் நிற்கிறது. ஒரே குடும்பத்துச் செடிகளின் மகரந்தப் புரதங்கள் சில சமயம் ஒன்றுபோல இருக்கும். ஒன்றுக்குப் பழகிய உடம்பு இன்னொன்றையும் எதிரி என்று நினைத்துவிடலாம். நினைத்தே தீரும் என்றில்லை. கர்ட்டன் கிரீப்பரும் பூச்சியை நம்பும் கொடிதான்; அதன் மகரந்தம் பார்த்தீனியம் மாதிரி ஊர் சுற்றாது. ஆபத்து என்று சொன்னால் மிகை. லேசான வாய்ப்பு, அவ்வளவுதான்.

அந்த லேசான வாய்ப்பையும் யோசிக்க வைத்தது கேந்தி. ஆயுத பூஜைக்குக் கேந்தி மாலை கட்டினால் என் மனைவிக்கு விரல் இடுக்கில் அரிப்பு வரும். இரண்டு நாள் சொறிந்துகொண்டிருப்பாள். அது மகரந்தத்தால் அல்ல. இந்தக் குடும்பத்துச் செடிகளின் சாற்றில் இருக்கும் சில பொருள்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளாததால் வருவது. ஆனாலும் பார்த்தீனியத்துக்குத் தடித்த கை, கேந்திக்கு அரிக்கிற விரல், தலைக்கு நேர் மேலே அதே குடும்பத்துக் கொடி என்று மூன்றும் சேரும்போது, வேறு வழி இருக்க எதற்கு வம்பு என்று தோன்றியது. உங்கள் வீட்டில் கேந்தி கட்டினால் யாருக்கும் ஒன்றும் செய்யாது, பார்த்தீனியத்தால் தொல்லை இல்லை என்றால் இந்தக் காரணத்துக்காக அதைத் தள்ள வேண்டாம். மாடியிலிருந்து தொங்கவிடுவதற்கு அதைவிட நல்ல கொடி எனக்குத் தெரியாது.

காற்றும் ஒரு காரணம். மச்சான் வீடு தெற்குப் பார்த்தது. எங்கள் ஆடிக்காற்றில் தொங்குகிற திரை என்ன பாடுபடும் என்று அவனுக்குத் தெரியாது. மேற்குப் பார்த்த ஒரு வீட்டில் ராத்திரி முழுக்க அது ஜன்னல் கம்பியில் உரசிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். காலையில் வாசல் முழுக்கச் சருகும் ஒடிந்த நுனியும்.

அடுத்து ரங்கூன் மல்லி. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இதன் மேல் ஒரு பிரியம். சாயங்காலம் வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஸாகும், அதற்கடுத்த நாள் சிவந்துவிடும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். பெயரில் ரங்கூன் இருக்கிறது; அந்தக் காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் கப்பலேறிப் பிழைக்கப் போன ஊர் என்பதால், பெயரைக் கேட்டாலே அம்மா தன் தாத்தா கதையை ஆரம்பித்துவிடுவாள். பூவின் அடியில் விரல் நீளத்துக்குக் குழல் இருக்கும். இருட்டியதும் நீண்ட உறிஞ்சுகுழலோடு வரும் அந்திப்பூச்சிக்கான ஏற்பாடு அது. மகரந்தம் காற்றுக்குப் போக வாய்ப்பே குறைவு. மகரந்தத்தை மட்டும் பார்த்தால் மதிப்பெண் முழுசாகப் போடலாம்.

சிக்கல் மணத்தில். மகரந்த ஒவ்வாமை வேறு, மணத்துக்கு மூக்கு எரிவது வேறு. முதலாவதில் உடம்பு ஒரு புரதத்தை எதிரி என்று முடிவுசெய்து, ஹிஸ்டமின் என்ற பொருளை அவிழ்த்துவிட்டு ரகளை செய்கிறது. இரண்டாவதில் அப்படி ஒன்றும் இல்லை. ஊதுபத்திப் புகை, புது பெயிண்ட், சாம்பிராணி மாதிரி நேரடியாக மூக்கை உறுத்துகிறது. தோல் சோதனையில் இது தெரியாது. தும்முகிறவருக்கு எதனால் தும்மினால் என்ன? என் மனைவி பிச்சிப்பூவைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் மூடியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தலைவலி என்பாள். ரங்கூன் மல்லியின் மணம் முழுசாகக் கிளம்புவது ராத்திரியில். மேற்குக் காற்று அதை நேராகப் படுக்கையறைக்குக் கொண்டு வரும். வாசலில் வைத்தால் வருடத்தில் பாதி நாள் ஜன்னலை அடைக்க வேண்டும்.

இன்னொன்று, இது வயதாகி மரமாகிவிடும் கொடி. உதிர்ந்த இலைக்காம்பின் அடிப்பகுதி கொக்கி முள்ளாக நின்றுவிடும். வேரிலிருந்து பக்கக் கன்று விட்டுக்கொண்டே இருக்கும். ஐந்து வருடத்தில் பந்தலின் எடை என்னவாகும் என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். “அதுக்கு இந்தக் குழாய் தாங்காது அண்ணாச்சி” என்று நேராகச் சொல்லிவிட்டார். தோட்டத்துக் கோடியில், படுக்கையறைக்கு எட்டாத தூரத்தில், சுற்றுச்சுவரை ஒட்டி இடம் இருப்பவர்கள் தாராளமாக வைக்கலாம். எங்களிடம் இருப்பது மூன்றரை சென்ட்.

காகிதப்பூ இந்த ஊர் வெயிலுக்கென்றே பிறந்தது மாதிரி இருக்கும். பிறந்தது என்னவோ தென் அமெரிக்காவில். உலகம் சுற்றக் கிளம்பிய பூகேன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரோடு போன கொமர்சோன் என்ற தாவரவியலாளர், 1767இல் ரியோ டி ஜெனீரோவில் இதைப் பார்த்துத் தலைவர் பெயரை வைத்தார். உள்ளூர் உறவும் இதற்கு உண்டு: அந்திமந்தாரையும் மூக்கிரட்டையும் இதன் குடும்பம்தான். நாம் பூ என்று பார்க்கிற வண்ணத் தாள் பூவே அல்ல, நிறம் மாறிய இலை. நடுவில் வெள்ளையாக மூன்று சின்னக் குழல் நிற்கிறதே, அதுதான் பூ. அந்தக் குழலுக்குள் இருக்கிற சொற்ப மகரந்தத்துக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. மணமும் இல்லை. தும்மல் கணக்கில் மட்டும் தீர்ப்பு என்றால் இதற்குத்தான் முதலிடம்.

ஆனால் நிழல்? காகிதப்பூவின் குணம் ஒரு தினுசு. தண்ணீரைக் குறைத்துக் காயப்போட்டால்தான் பூக்கும். தண்ணீர் விட்டால் இலையாகத் தள்ளும். நன்றாகப் பூத்துக் கிடக்கிற சித்திரையில் இலை குறைந்து வெயில் ஓட்டை ஓட்டையாக இறங்கும். நிழல் வேண்டுமா பூ வேண்டுமா என்று அது நம்மிடம் கேட்கும். தானாகப் பற்றி ஏறாது, கிளையைக் கட்டிவிட வேண்டும். முள் உண்டு. எங்கள் மகள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறவள். அப்புறம் அந்தத் தாள்கள்: ஆனிக்காற்றில் வீட்டுக்குள் வந்து, கட்டிலுக்கு அடியில், பீரோ சந்தில், சுவாமி படத்துக்குப் பின்னால்... அந்தத் தாளோடு தூசியும் வரும், பெருக்கும்போது கிளம்பும். தூசிக்குத்தான் எங்கள் வீட்டில் பெரிய தடிப்பு என்பதை மறந்துவிடக் கூடாது.

கடைசியாகக் கொடிரோஸ். இது மெக்சிகோவிலிருந்து வந்தது. இதயம் மாதிரி இலை, ரோஸ் நிறத்தில் சரம் சரமாகப் பூ. பூச்சரத்தின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கம்பி வலையைப் பிடித்துக்கொள்ளும். கட்டிவிடும் வேலை இல்லை. முள்ளும் பாலும் கிடையாது, மணம் இருப்பதாகவே தெரியாது. மகரந்தம் தேனீயின் பொறுப்பு.

அந்தத் தேனீதான் இதன் குறை. நர்சரியில் பூத்துக் கிடந்த கொடிக்குக் கீழே காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தேன். சத்தம் முதலில் கேட்டது, பிறகுதான் தேனீ கண்ணில் பட்டது. ஒரு சரத்தில் மூன்று நான்கு. நம்மைச் சட்டை செய்யவே இல்லை, அதது வேலையில் இருந்தது. ஆனால் உதிர்ந்த பூவோடு கீழே விழுந்த ஒன்றை வெறுங்காலால் மிதித்தால் கொட்டும். தேனீ கொட்டினால் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிறவர்கள் இருக்கும் வீட்டில் இதை வாசலில் வைக்கவே கூடாது. அது மகரந்தத் தும்மலைவிடப் பெரிய சமாசாரம். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு தடவையாவது கொட்டு வாங்கியவர்கள்; வீங்கி அடங்கியதோடு சரி.

பரவுகிற குணமும் உண்டு. வேரில் கிழங்கு வைக்கும்; வெட்டினாலும் காய்ந்தாலும் கிழங்கிலிருந்து மறுபடி வரும். பசிபிக் தீவுகள் சிலவற்றில் காட்டை மூடிக்கொண்டு படர்ந்து தொல்லை கொடுக்கிறது. விதை தண்ணீரில் மிதக்கும் என்பதால், கழித்த கொடியைப் பாளையங்கால்வாயில் தூக்கிப் போடுகிற பழக்கம் இதற்கு ஆகாது. காயவைத்து எரிக்க வேண்டும், அதுவும் தும்முகிறவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து.

ஆனால் வெட்டினாலும் வரும் என்ற அதே குணம்தான் என்னை இதன் பக்கம் சாய்த்தது. எங்களுக்கு நிழல் வேண்டியது மாசியிலிருந்து வைகாசி வரை. கொடி பாய்மரம் மாதிரிக் காற்றை வாங்கிப் பந்தலைச் சாய்க்கக் கூடாத காலம் ஆனியிலிருந்து ஆவணி வரை. வைகாசிக் கடைசியில், நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு முன்பாக, முழங்கால் உயரம் விட்டு மொத்தமாகக் கழித்துவிட்டால் காற்று வெறும் கம்பி வலைக்குள் புகுந்து போய்விடும். புரட்டாசியில் காற்று அடங்கி மறுபடி காயத் தொடங்கும்போது கிழங்கு திரும்பத் தளிர்விடும். காகிதப்பூவை இப்படி வருடாவருடம் மொட்டையடிக்க மனம் வராது. ரங்கூன் மல்லியை அடிக்க அரிவாள் போதாது. குளியலறைத் தண்ணீரை ஒரு குழாய் வைத்துத் திருப்பிவிட்டால் கோடையிலும் கொடிரோஸ் வாடாது.

மனைவிக்கு ஒரே ஒரு நிபந்தனை. கழிக்கிற வேலை அவளுடையதல்ல. கொடிகளின் மகரந்தத்தால் ஏதாவது தொல்லை வரும் என்றால் அது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்: தலையைக் கொடிக்குள் விட்டு வெட்டி, உலுக்கி, இழுக்கும்போது. காற்றில் ஏறாத மகரந்தம்கூட அப்போது முகத்தில் நேராகக் கொட்டும். இலையில் படிந்த தெருப்புழுதியும் சேர்ந்துகொள்ளும். முதல் நாள் சாயங்காலம் ஹோஸ் வைத்து நன்றாக நனைத்துவிட்டு, மறுநாள் காலையில் முழுக்கைச் சட்டை, மாஸ்க்கோடு நான் இறங்குவது என்று ஒப்பந்தம். காலையில் தேனீ வருவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது என் பங்குக்கு நான் சேர்த்தது. பந்தலுக்குக் கீழே கட்டில் போடக் கூடாது, வலையில் போர்வை, தலையணை உறை காயப்போடக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறோம். முதலாவதை அம்மா ஏற்கவில்லை. “வைகாசில வெளிய படுக்காம எங்கய்யா படுக்க?” என்கிறாள். அம்மாவுக்குத் தும்மல் கிடையாது. அவள் கட்டில் மட்டும் விதிவிலக்கு.

ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு குழி தோண்டினோம். தோண்டுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மனைக்காரருக்கு போன் செய்து அனுமதி வாங்கி, பார்த்தீனியம் பூக்கும் முன்பே நானும் மச்சானும் கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கிக் குவித்தோம். ஈர மண்ணில் சுலபமாக வந்தது. மச்சான் இரண்டு மூட்டை கட்டிவிட்டு நிமிர்ந்து, “கொடி வெக்கப் போறேன்னு சொல்லிக் கூப்பிட்டுட்டுக் களை பிடுங்க வெச்சுட்டீங்களே அத்தான்” என்றான். மார்கழித் தாளில் இந்த வருடம் இதுவரை நான்கு ‘து’. கொடி வலையின் இரண்டாவது கண்ணைப் பிடித்திருக்கிறது.